ஒரு ரூபாய் மொய்

ஜூன் 10, திங்கள்

இந்த நோட்டில் எழுதுவதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இது என் சடங்குக்கு வந்த மொய்யை எழுதிய நோட்டு. பத்து வருடத்துக்கு முன்பு பன்னிரண்டு பக்கம் எழுதிவிட்டு மீதியை அப்படியே விட்டிருக்கிறார்கள். மதுரையில் வேலை கிடைத்துக் கிளம்பியபோது அம்மா இதைப் பையில் வைத்தாள். “வெத்துத் தாளு நெறயக் கெடக்கு, எதுக்காச்சும் ஆகும்” என்றாள்.

டைரி எழுதும் அளவுக்கு எனக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை. விடுதி அறையில் கூட இருக்கும் இருவரும் ஓயாமல் பேசுகிறார்கள். எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

முன் பக்கங்களை இன்று படித்துப் பார்த்தேன். எல்லாப் பெயருக்கும் எதிரே சிவப்பு மையில் டிக் இருக்கிறது. அவரவர் வீட்டு விசேஷத்துக்குப் போய் அம்மா திருப்பிச் செய்ததும் என்னை டிக் போடச் சொல்வாள். ஒரே ஒரு வரிக்கு மட்டும் டிக் இல்லை. “சீனியம்மாள், இட்லிக்கடை – 21.” சீனி அத்தைக்குப் பிள்ளைகள் கிடையாது. கணவர் போய் இருபது வருடம் ஆகிறது. அந்த வீட்டில் விசேஷமே நடந்ததில்லை. அம்மா எதற்குப் போய் எப்படித் திருப்பி வைப்பாள்?

ஜூன் 13, வியாழன்

துணி துவைத்தேன். விடுதித் தண்ணீரில் சோப்பு நுரைக்கவே மாட்டேன் என்கிறது.

அலுவலகத்தைப் பற்றி எழுதவில்லை. திருமண வரன் பார்க்கும் ஆப் நடத்தும் கம்பெனி. நான் பி.ஏ. தமிழ். ஆப்பில் வரும் தமிழ் வாசகங்களை எழுதுவது என் வேலை. எங்கள் தெருவில் டிகிரி முடித்த முதல் ஆள் நான் என்பதால், ஊரில் அம்மா இதைக் கலெக்டர் ஆபீஸ் வேலை மாதிரி சொல்லிவைத்திருக்கிறாள். இங்கே என் பெயரை வைத்துக் கேலி செய்கிறார்கள். பேச்சியம்மாள் என்று பெயர் வைத்துக்கொண்டு வாயே திறக்காத ஆளை இப்போதுதான் பார்க்கிறார்களாம். நிரஞ்சனா மேடம் மட்டும் கேலி செய்வதில்லை. எங்கள் பிரிவுக்குத் தலைவி அவர். எனக்கு டீ வாங்கும்போது சர்க்கரை குறைவாக என்று நினைவு வைத்துச் சொல்கிறார். இதற்கு முன் யாரும் எனக்காக அப்படி நினைவு வைத்ததில்லை.

ஜூன் 20, வியாழன்

இன்று ஒரு கூட்டம். பதினைந்து நாள் இலவசம் என்று ஆப்பில் போட்டிருக்கிறோம். ஆட்கள் ஆசையாக அழுத்துகிறார்கள். அடுத்த பக்கத்தில் பின் நம்பர் கேட்டதும் ஓடிவிடுகிறார்கள். பின் நம்பர் போட்டால்தான் பதினைந்து நாளுக்குப் பிறகு மாதாமாதம் பணம் எடுக்க அனுமதி கிடைக்கும். “இலவசம்னா பின் எதுக்குன்னு கேக்குறாங்க. கேள்வி நியாயம்தானே” என்று மேடமே சிரித்தார்.

அப்போது கூட்டத்தில் ஒருவர் சொன்னார். இலவசம் என்று சொல்ல வேண்டாம், ஒரு ரூபாய் கேட்கலாம். நம் ஆட்கள் நூறு என்று மொய் வைக்க மாட்டார்கள், நூற்றியொன்று என்றுதான் வைப்பார்கள். சுழியில் முடிந்தால் உறவும் முடிந்ததுபோல ஆகிவிடும். ஒரு ரூபாய் சேர்த்தால் தொடரும். கல்யாணக் காரியத்துக்கு மங்கலமாக ஒரு ரூபாய் வையுங்கள் என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், பின் நம்பரும் போட்டுவிடுவார்கள்.

எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் காது இரண்டும் சுட்டது.

ஜூன் 21, வெள்ளி

மேடம் கேக் வாங்கி வெட்டினார். முதல் துண்டை எனக்குக் கொடுத்தார்.

ஜூலை 1, திங்கள்

இன்று ஆப்பில் ஏற்றினார்கள். மஞ்சள் நிறத்தில் பெரிய எழுத்து: “ஒரு ரூபாய் வைத்து மங்கலமாகத் தொடங்குங்கள்.” அதன் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி. முதலில் நான் எழுதியது: “பதினைந்து நாள் முடிந்ததும் மாதாமாதம் 249 ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கப்படும்.” மேடம் படித்துவிட்டு, மிரட்டுகிற மாதிரி இருக்கிறது என்றார். பொய் எழுத வேண்டாம், அதே உண்மையைக் கொஞ்சம் தரமான தமிழில் எழுதலாமே, நீ தமிழ் படித்தவள்தானே என்றார். தொகையைத் திட்டங்கள் என்ற தனிப் பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்றும் சொன்னார்.

இப்போது அந்த வரி இப்படி இருக்கிறது: “சோதனைக் காலம் நிறைவுற்றபின், தெரிவுசெய்த திட்டத்தின்படி சந்தா தன்னியக்கமாகப் புதுப்பிக்கப்படும்.” பிழை ஒன்றும் இல்லை. சந்திகூடச் சரியாக இருக்கிறது. கல்லூரியில் எங்கள் தமிழ் மேடம் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஜூலை 7, ஞாயிறு

அம்மாவிடம் பேசினேன். அவள் சமைக்கிற சத்துணவுக் கூடத்தில் முட்டை வரவில்லையாம், பிள்ளைகள் முகம் சுண்டிப்போய்ச் சாப்பிட்டார்களாம். பிறகு, என் கம்பெனி செய்கிற ஆப்பை அனுப்பச் சொன்னாள். நாலு பேரிடம் காட்ட வேண்டுமாம். லிங்க் அனுப்பினேன். பின் நம்பரை அவரவரே போட வேண்டும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று இரண்டு தடவை சொன்னேன்.

இன்னொன்றும் சொல்ல நினைத்தேன். அதற்குள் பேச்சு ரேஷன் கடைப் பக்கம் போய்விட்டது.

ஜூலை 9, செவ்வாய்

அம்மா கூப்பிட்டாள். குரலில் அத்தனை சந்தோஷம். சத்துணவுக் கூடத்து வாசலில் நூறுநாள் வேலை முடிந்து வந்த பெண்களை உட்காரவைத்து, ஒவ்வொருவர் போனிலும் ஆப்பை இறக்கியிருக்கிறாள். “பேச்சி வேலைக்கு நாம ஒண்ணும் வைக்கலையேன்னு இருந்தாளுக. ஆளுக்கு ஒத்த ரூவா வச்சிருக்காளுகடி. பதினாலு பேரு” என்றாள்.

வரன் பார்க்கவா என்று கேட்டேன்.

“வரனாவது. ஒனக்கு மொய்டி.”

பதினாலு பேரின் பெயரையும் சொன்னாள். கல்யாண வயதில் பிள்ளை வைத்திருப்பவர்கள் அதில் மூன்று பேர்தான். ஒச்சம்மா சித்தியின் மகன் ஆறாவது படிக்கிறான். கடைசிப் பெயர் சீனி அத்தை. இட்லி விற்கும் காசு வாங்க ஸ்கேன் அட்டை வைத்திருக்கிறார், அதனால் அவர் போனில் எல்லாம் தயாராக இருந்ததாம்.

இப்போதாவது சொல்லியிருக்கலாம். பதினைந்து நாள் இருக்கிறதே என்று நினைத்தேன்.

ஜூலை 10, புதன்

நெற்றியில் பரு. வேப்பிலை அரைத்துப் போட ஊர் மாதிரி இங்கே மரம் இல்லை.

ஜூலை 16, செவ்வாய்

அம்மா சிரித்துக்கொண்டே ஒரு செய்தி சொன்னாள். சீனி அத்தை போனுக்கு “உங்களுக்கு ஏற்ற பதினெட்டு வரன்கள் காத்திருக்கிறார்கள்” என்று வந்திருக்கிறது. தெருவே கூடிப் படம் பார்த்திருக்கிறது. சீனியக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்தாச்சு, இனிமேல் இட்லிக்கு யாரிடம் போவது என்று ஒரே கேலி. அத்தையும் விடவில்லையாம். “அந்த மூணாவது ஆளு பரவால்ல. மாவாட்டத் தெரியுமான்னு கேட்டுச் சொல்லுங்க” என்றாராம்.

நானும் சிரித்தேன். அந்த வாசகம் நான் எழுதியது.

ஜூலை 24, புதன்

இன்று பதினாறாம் நாள். அம்மாவுக்குப் போன் செய்யவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

அம்மா கூப்பிட்டாள். எப்போதும்போலப் பேசினாள். யார் பணமும் போனதாகச் சொல்லவில்லை. எல்லோர் கணக்கும் காலியாக இருந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன். அப்படி எண்ணிக்கொள்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. அவர்கள் கணக்கில் காசு இல்லாமல் இருக்க வேண்டும் என்று வேண்டியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

சம்பளம் ஆயிரம் ரூபாய் கூட்டியிருக்கிறார்கள். என்னால்தான் நல்ல பெயர் என்று மேடம் எல்லோர் முன்னும் சொன்னார். இதுவரை ஒரு ரூபாய் வைத்தவர்கள் நாற்பத்தோராயிரம் பேர்.

புது வேலை ஒன்றும் கொடுத்தார்கள். புகார் சொல்லி எழுதுகிறவர்களுக்குத் தயார் பதில்கள் எழுத வேண்டும். புகார்களைப் படித்தேன். ஆப்பைப் போனிலிருந்து அழித்துவிட்டேன், பிறகும் எப்படிப் பணம் போகிறது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறார்கள். அழித்தால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருப்பேன். ஒருவர் எழுதியிருந்தார்: “என் மகளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது, உங்களுக்கு நன்றி, இனிமேல் எடுக்க வேண்டாம்.” அதற்கும் ஒரு பதில் எழுதினேன். மூன்று வரி. மரியாதையான தமிழ்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

தலைக்குக் குளித்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லையோ என்று சந்தேகம். குரல் சோர்ந்திருக்கிறது. அதிகாலையில் மல்லிகை பறிக்கப் போகிறாளாம். எதற்கு என்று கேட்டதற்கு, வீட்டில் சும்மா இருக்கிற நேரம்தானே என்றாள். அவள் சும்மா இருந்து நான் பார்த்ததில்லை.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி விடுமுறை. திருமங்கலம் வந்து டவுன் பஸ் பிடித்தேன். ஊர் நிறுத்தத்தில் இறங்கியதும் ஒச்சம்மா சித்தி பார்த்துவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

“நீ அனுப்புன காசு வந்துருச்சு தாயி. ரெண்டு மாசமும். ஏதோ பேங்குல தப்பாப் போச்சாமே. அதுக்கு நீ எதுக்குத்தா ஒங் கைக்காசப் போடணும்?”

நான் யாருக்கும் ஒரு பைசா அனுப்பவில்லை.

சித்தி பக்கத்தில் நின்றவரிடமும் சொன்னார்: மாயக்கா மக ரோசக்காரி, ஊரார் காசு ஒத்தைப் பைசா நிற்கக் கூடாது என்கிற பிள்ளை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

வீட்டில் அம்மாவின் விரல் நுனிகளைப் பார்த்தேன். மல்லிகைக் காம்பின் கறை பட்டுக் கறுத்திருக்கிறது. கொழுக்கட்டை பிடித்துக் கொடுத்தாள். சாப்பிட்டேன். கேட்கவில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலையில் சீனி அத்தை கடைக்குப் போனேன். கம்பு நட்டுத் தார்ப்பாய் போட்ட கடை. மழை பெய்தால் அடுப்பை நகர்த்த வேண்டும். என்னைப் பார்த்ததும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு நான்கு இட்லி வைத்தார். வேறு ஆள் இல்லை. அவராகவே பேச ஆரம்பித்தார்.

இரண்டு மாதமாக விதவை உதவித்தொகையில் பிடித்துக்கொண்டு தருகிறார்கள் என்று நினைத்து, தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை போயிருக்கிறார். மூன்று நாளும் கடை போடவில்லை. அங்கே பாங்கில் போய்க் கேள் என்றிருக்கிறார்கள். பாங்கில் பாஸ்புக்கில் பதிந்து வாங்கி, வரிசையில் நின்ற ஒரு பையனைப் படிக்கச் சொல்லியிருக்கிறார். அவன் சத்தமாகப் படித்திருக்கிறான். பாட்டி, உன் காசு கல்யாணக் கம்பெனிக்குப் போகிறது என்று. வரிசை முழுவதும் சிரித்ததாம்.

“எவனோ கல்யாணக் கம்பெனிக்காரனாம்த்தா. இந்த வயசுல எனக்கு எவன் அதை மாட்டிவிட்டான்னு தெரியல. வெளிய சொல்ல வெக்கமா இருக்கு. ஒங்க அம்மாகிட்டகூடச் சொல்லல.”

தெருவில் கேலி செய்தபோது மாவாட்டத் தெரியுமா என்று எதிர்க்கேலி செய்தவர் இவர்தான். பாங்கில் சிரித்ததைச் சொல்லும்போது முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். என் கம்பெனி என்று அவருக்குத் தெரியவில்லை; அன்று வந்த வரன் படங்களையும் யாரோ அனுப்பிய விளம்பரம் என்றே நினைத்திருக்கிறார். எனக்கு வைத்த ஒரு ரூபாயையும் இந்தப் பணத்தையும் அவர் சேர்த்தே பார்க்கவில்லை. அது மொய், இது திருட்டு. இரண்டும் எப்படி ஒன்றாகும்?

போனைக் கொடுங்கள், பார்க்கிறேன் என்றேன். உள்ளே போய் அந்த அனுமதியை ரத்து செய்ய அரை நிமிடம்கூட ஆகவில்லை. சரியாகிவிட்டது அத்தை, இனிமேல் எடுக்க மாட்டார்கள் என்றேன்.

அவர் என் கன்னத்தைத் தடவி விரலைத் தன் நெற்றியில் வைத்துச் சொடுக்கினார். “படிச்ச புள்ள படிச்ச புள்ளதான். அத்தன பேரு சிரிச்சானுக. நீதான் பாத்துக் குடுத்த.”

இட்லிக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். நான்காவது இட்லியைத் தண்ணீர் குடித்து முழுங்கினேன்.

மத்தியானம் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஒச்சம்மா சித்தி சொன்னதைக் கேட்டேன். முறத்தை நிறுத்தாமலே பேசினாள். முதல் மாதம் எட்டுப் பேர் வந்து சொன்னார்களாம். அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டதாம். கம்பெனியில் தவறு நடந்துவிட்டது, பேச்சி அனுப்பிவிட்டாள் என்று சொல்லிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கையிலிருந்து கொடுத்திருக்கிறாள். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன்.

“சொன்னா நீ அங்க போயி என்னமாச்சும் கேப்ப. வேலையப் புடுங்கிருவாங்கெ. அந்த ஒத்த ரூவாய நாந்தான வாங்குனேன். அப்ப நாந்தான குடுக்கணும்.”

சீனி அத்தை விஷயம் அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. ஒரு ரூபாய் என்பது யாருடைய யோசனை என்றும் சொல்லவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

ஜூன் இருபதாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். “ஒருவர் சொன்னார்” என்று எழுதியிருக்கிறேன். யாரும் படிக்காத நோட்டில்கூட.

அது நான்தான். இங்கே வேலைக்குச் சேர்ந்த பிறகு கூட்டத்தில் நான் வாய் திறந்த ஒரே நாள் அது. எனக்கு மொய் நோட்டைப் பற்றித் தெரியும், அவர்களுக்குத் தெரியாது என்பதில் எனக்கு எவ்வளவு பெருமை. சீனி அத்தையின் இருபத்தொன்றை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன். இருபது வைத்தால் போதும் என்றிருந்தவர், சேலை முடிச்சைப் பிரித்து இன்னும் ஒரு ரூபாயைத் தேடி எடுத்துச் சேர்த்ததை நான் மணையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதைத்தான் கொண்டுபோய் விற்றேன்.

செப்டம்பர் 10, செவ்வாய்

மேடத்திடம் ஊர்க்காரர்கள் பதினாலு பேரைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிக்க நெடுநேரம் ஆனது. அவர் பொறுமையாகக் கேட்டார். பதினாலு நம்பரையும் அனுப்பு, ஊழியர் குடும்பம் என்று போட்டுப் பணத்தைத் திருப்பிவிடுகிறேன், வெளியே சொல்லாதே என்றார். முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அனுப்பினேன். அப்பாடா என்று இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

தயார் பதில்கள் எழுத உட்கார்ந்தேன். இன்றைய புகார்களில் ஒன்று, எழுத்துக்கூட்டி அடித்ததுபோல இருந்தது. “அம்மா ஒரு ரூபா தான வச்சோம்.” அவ்வளவுதான். ஊர் பெயர் இல்லை. யாருக்கு யார் அம்மா என்றும் தெரியவில்லை. கேள்விக்குறிகூட இல்லை.

என் ஊர்ப் பதினாலு பேருக்கு நான் இருக்கிறேன். இவருக்கு?

பதில் எழுதவில்லை. சாம்பல் வரியைத் திறந்தேன். வாசகங்களைத் திருத்தி ஏற்றும் அனுமதி எனக்கு உண்டு. சந்தி பார்த்து எழுதிய அந்த வரியை அழித்தேன். “பதினைந்து நாள் கழித்து மாதாமாதம் 249 ரூபாய் எடுப்போம். ஆப்பை அழித்தாலும் எடுப்போம். வேண்டாம் என்றால் இங்கே தொட்டு நிறுத்துங்கள்” என்று எழுதினேன். மஞ்சள் எழுத்துக்குச் சமமாகப் பெரிதாக்கினேன். பதினொரு மணிக்கு ஏற்றினேன். பிறகு கீழே போய் டீ குடித்தேன். சர்க்கரை குறைவாக என்று சொல்ல மறந்துவிட்டேன்.

மாலை ஐந்து மணிக்குப் பழைய வரி திரும்பி வந்துவிட்டது.

செப்டம்பர் 13, வெள்ளி

மேடம் தனியாகக் கூப்பிட்டார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“ஏன் பேச்சி? உன் ஆளுங்களுக்குத்தான் குடுத்தாச்சே.”

“அந்த ஒரு ரூபாய் என் யோசனை மேடம்.”

“அதனாலதான் கேக்குறேன்.”

நேற்று முழுவதும் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் போய்விட்டன. “மொய் வாங்குனா திருப்பி வைக்கணும் மேடம்” என்று மட்டும் வந்தது. அவருக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்று மாலைக்குள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தால், அனுபவச் சான்றிதழில் தவறாக ஒன்றும் எழுத மாட்டேன் என்றார்.

கடிதம் எழுதினேன். தமிழில். மூன்று வரி.

செப்டம்பர் 14, சனி

போனில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு ரூபாய் என் யோசனை என்பதை, சாம்பல் வரியை எழுதியது நான்தான் என்பதை, லிங்க் அனுப்பிய நாளிலேயே எனக்குத் தெரியும் என்பதை, சீனி அத்தை பாங்கில் நின்றதை, வேலை போனதை.

எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றுதான் கேட்டாள்.

“சாப்புட்டியா?” என்றாள். சாப்பிட்டேன் என்றேன். வைத்துவிட்டாள்.

செப்டம்பர் 21, சனி

பெட்டியோடு ஊருக்கு வந்துவிட்டேன். அம்மா ஒரு வாரமாக அதைப் பற்றிப் பேசவே இல்லை. இன்று நானே சொன்னேன். நாளைக்குப் பதினாலு பேரையும் கூப்பிட்டுச் சொல்லப்போகிறேன் என்று. வேண்டாம் என்றாள். காசு எல்லாருக்கும் திரும்பி வந்தாச்சு, அதோடு விடு என்றாள். ஊருக்குள் என் பெயரைச் சொல்லித்தான் அவள் தலை நிமிர்ந்து நடக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் நான் உடைக்கப்போகிறேன்.

“நீ வர வேணாம்மா. நான் மட்டும் சொல்லிக்கிறேன்.”

“ஒனக்கு நாலு பேரு முன்னாடி பேச வருமாடி?” என்றாள். கேலியாகத்தான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டு அழுதாள்.

செப்டம்பர் 22, ஞாயிறு

சத்துணவுக் கூடத்து வாசலில் கூடினார்கள். அம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். நான் அவளை எதிர்பார்க்கவில்லை.

சொன்னேன். திக்கித் திக்கிச் சொன்னேன். பேங்கில் தவறில்லை, என் கம்பெனி எடுத்தது என்றேன். எடுப்பார்கள் என்று எனக்கு முன்பே தெரியும் என்றேன். உங்களிடம் ஒரு ரூபாய் வாங்கச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்றேன். முதலில் கையில் வந்த காசு நான் அனுப்பியதல்ல, அம்மா பூப் பறித்துக் கொடுத்தது என்றேன். ஒவ்வொருவர் போனாக வாங்கி அனுமதியை ரத்து செய்து, எப்படிச் செய்வது என்று அவர்கள் கையாலேயே ஒரு தடவை செய்ய வைத்தேன்.

ஒச்சம்மா சித்தி என்னைப் பார்க்கவில்லை, அம்மாவின் விரல்களைப் பார்த்தார். ராக்கம்மா அக்கா எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, “இதுக்குத்தான் படிக்க வச்சியாக்கும்” என்று அம்மாவிடம் சொன்னார். இன்னொருவர், “ஏ மாயக்கா, இனிமே ஒம் மக கல்யாணத்துக்கு வந்தா, பின் நம்பரு கேப்பீகளான்னு விசாரிச்சுட்டுத்தான் வருவோம்” என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். சிரித்தது எனக்கு ஆறுதலாக இருந்தது. சிரிக்காதவர்கள்தான் அதிகம்.

அம்மா என் பக்கத்தை விட்டு நகரவில்லை.

சீனி அத்தை வரவில்லை. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சாயங்காலம் கடைப்பக்கம் போனேன். அடுப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். “கை வேலையா இருக்கேன்” என்று மட்டும் சொன்னார். தாயி என்றோ ஆத்தா என்றோ சேர்க்கவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

அம்மாவோடு பூப் பறிக்கப் போனேன். மொட்டாகப் பார்த்துப் பறிக்க வேண்டும், நான் விரிந்ததையும் பறித்துவிட்டேன் என்று திட்டு வாங்கினேன். வேறு வேலைக்கு இரண்டு இடத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஏன் விட்டாய் என்று கேட்டால் உள்ளதைச் சொல்வதாக இருக்கிறேன். நுகர்வோர் குறைதீர்ப்பு மன்றத்துக்கும் என் பெயர் போட்டு எழுதி அனுப்பியிருக்கிறேன். இரண்டு வரிகளையும், பழையதையும் ஆறு மணி நேரம் இருந்ததையும், இணைத்திருக்கிறேன்.

அம்மா ஒரு செய்தி சொன்னாள். சீனி அத்தை தார்ப்பாயைப் பிரித்துவிட்டுக் கடைக்குத் தகரம் போடப்போகிறாராம். அடுத்த வாரம் ஆள் வருகிறதாம்.

செப்டம்பர் 26, வியாழன்

சீனி அத்தை, இது உங்களுக்கு. உங்களுக்கு வாசிக்க வராது. நாளைக் காலையில் கடைக்கு வந்து நானே வாசிப்பேன். நீங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டால் போதும், என் முகத்தைப் பார்க்க வேண்டாம்.

அன்றைக்கு உங்கள் போனைச் சரிசெய்து கொடுத்தேனே, அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் நெற்றியில் சொடுக்கியபோது வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். பணம் எடுத்ததைவிட அதுதான் பெரிய திருட்டு. பாங்கில் அத்தனை பேர் சிரித்தது உங்களைப் பார்த்து அல்ல அத்தை. அந்தச் சிரிப்புக்கு ஆளாக வேண்டியவள் அங்கே வரிசையில் இல்லை, மதுரையில் உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தாள்.

என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க வரவில்லை. கேட்க வந்தது வேறு. இத்தனை நாள் வாயில் வரவில்லை.

இந்த நோட்டின் ஏழாவது பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கிறது. இருபத்தொன்று. பத்து வருடமாக அதற்கு எதிரே டிக் இல்லை. திரும்பி வராது என்று தெரிந்தே வைத்தீர்கள். பிறகு என் வேலைக்கு ஒரு ரூபாயும் அப்படித்தான் வைத்தீர்கள். உங்கள் வீட்டில் விசேஷம் நடந்ததில்லை, நடக்கவும் போவதில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம். உங்களைக் கேட்கவே இல்லை.

தகரம் போட்டு முடித்த அன்று புதுக் கூரைக்குக் கீழே பால் காய்ச்சுங்கள் அத்தை. தெருவுக்குச் சொல்லுங்கள். அம்மாவைக் கூப்பிடுங்கள்.

என்னையும் கூப்பிடுங்கள்.